பாட்டுக்கு ஓர் ஆண்டு: 1964

கல்யாண வீட்டில் முதல்நாள் இரவு, பந்தி முடிந்து, கூடத்தில் ஜமக்காளம் விரித்து, வெற்றிலைத் தட்டும் நடுவில் வந்து அமர்ந்த பிற்பாடு, உறவினர் மத்தியில் எழுகிற விவகாரங்களில், அரசியலுக்கு அடுத்தபடியாகச் சூடு பிடிக்கக்கூடியது சினிமாப் பாட்டைப் பற்றிய விவகாரமே என்பது தமிழ்நாட்டில் பிறந்தவர் எவருக்கும் அனுபவசித்தமான விஷயம். சென்ற தை மாதம் எங்கள் குடும்பத்துக் கல்யாணம் ஒன்றில் அத்தகைய விவாதம் விடியற்காலை வரையில் நடந்தது. தமிழ்ப் படப் பாடல்களுக்குப் பொற்காலமான ஒரே ஓர் ஆண்டைச் சொல்ல வேண்டுமானால் எதைச் சொல்வது என்பதுதான் கேள்வி. "'பாசமலர்' வந்த வருஷத்தை விட்டுவிட்டு வேறு எதைப் பேசுவது?" என்று 1961ஐ நிலைநாட்ட முனைந்தார் அத்தையின் கணவர், அக்காள் மகன் 1992ஐச் சொன்னான், என் வயதினர் சிலர் 1985ஐச் சொன்னார்கள். நான் 1964 என்றேன். அன்று இரவு ஆறுதலாக எடுத்துச் சொல்ல முடியாமற்போன காரணங்களை இங்கே எழுதத் துணிகிறேன்.

முதலில் என்னுடைய சாட்சியத்தை முன்வைக்கிறேன். அது ஒரு தகரப் பெட்டி. காலஞ்சென்ற என் அத்தை, படம் பார்க்கப் போன ஒவ்வொரு முறையும் கொட்டகை வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகங்களை ஆண்டுவாரியாக நூலால் கட்டி, அந்தப் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மட்டமான காகிதம், ஒரே வர்ணத்து மையில் அச்சிட்ட அட்டை, முதுகில் அடித்த கம்பி துருவேறி, அதன் செந்நிறம் இரண்டு மூன்று பக்கங்களுக்கு ஊறியிருக்கிறது. உள்ளே நடிகர் பெயர், கதைச் சுருக்கம், பிறகு பாட்டுகள். 'கர்ணன்' புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால், "தை 5, அண்ணனோடு, இரண்டாம் ஆட்டம்" என்று எழுதியிருக்கிறார். பெட்டியிலுள்ள கட்டுகளில் 1964ஆம் ஆண்டின் கட்டுத்தான் பருத்தது. கட்டின் பருமன் ஒரு வாதமாகாது என்பதை நான் அறிவேன். ஆனால் அந்தக் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் புரட்டும்போது எனக்குத் தெளிவாகிற உண்மை ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு முன்பு அளவுகோல் எது என்பதை நிர்ணயித்துக்கொள்வது அவசியம்.

மேல்நாட்டார் இப்படி விவாதிக்கும்போது ஒரு கலைஞர் வெளியிட்ட நெடுந்தட்டை, அதாவது எல்.பி. ரிகார்டை, ஓர் அலகாகக் கொள்கிறார்கள். நமக்கு அந்த ஸ்தானத்தில் இருப்பது படம். நிமிஷத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய தட்டில் பக்கத்துக்கு ஒரு பாட்டாக இரண்டே பாட்டு அடங்கின; பின்னால் வந்த 45 சுற்றுச் சிறுதட்டில் நான்கு. இதனால் படத்தில் இருந்த ஒரு சரணம் தட்டில் இல்லாமற் போவதும் உண்டு. ஆகையால் ஒரு படத்தின் பாடல்கள் அனைத்தையும் ஆதியோடந்தமாக, ஒரே பொருளாகக் கையில் ஏந்துவதற்கு அக்காலத்து ரசிகருக்கு வாய்த்த சாதனம் அந்தப் பாட்டுப் புத்தகமே ஆகும். ஓர் ஆண்டைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு படத்தின் பாடல்கள் ஒன்றோடொன்று இசைந்து ஒரு முழுமையைத் தருகின்றனவா? ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உலகமே வேறாகத் தோன்றுகிறதா? காலம் கடந்த பிறகு, அந்தப் படத்தைப் பார்த்திராதவனும் அந்தப் பாட்டை விரும்புகிறானா? நல்ல பாட்டுகள் எத்தனை என்று எண்ணுவது நான்காவது கேள்வியாக இருக்கட்டும்.

எதிர்க்கட்சியின் வாதங்களுக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். 1961இல் பீம்சிங்கின் 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' ஆகிய மூன்றும் வந்தன. மூன்றிலும் சிவாஜி கணேசன். மூன்றுக்கும் விசுவநாதன் – ராமமூர்த்தி இசை. 'பாவமன்னிப்'பில் நாகூர் ஹனீபாவின் குரல் டி.எம். சௌந்தரராஜன் குரலோடு கலந்து ஒலிக்கும் இடத்தைக் கேட்டு மனம் நெகிழாதவர் இல்லை. எனினும் அந்த மூன்று படங்களும் ஒரே குடும்பத்துச் சகோதரிகள்; துயரமும் பாசமும் தியாகமுமே அவற்றின் ஸ்வபாவம். 1985இலோ, 'சிந்து பைரவி'யும் 'முதல் மரியாதை'யும் ஒன்றாக நின்றன. கர்நாடக சங்கீதத்தின் மேடையை ஒன்றும், வைகைக் கரை மண்ணின் மெட்டை மற்றொன்றும் நமக்குத் தந்தன. இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் முன்னதற்காகவும், வைரமுத்துவுக்குப் பின்னதற்காகவும் தேசிய விருதுகள் கிடைத்தன. அந்த ஆண்டில் எனக்கு வயது பதினைந்து. கேசட் கடையில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு, பதிந்து வரும்வரை இரண்டு நாள் தவித்த பையன்களில் நானும் ஒருவன். 1992இல் ஆகஸ்டு 15ஆம் நாள் 'ரோஜா'வும், தீபாவளிக்கு 'தேவர் மக'னும் வெளிவந்தன; ஒரு யுகம் தன் உச்சத்தில் நிற்கும்போதே மற்றொரு யுகம் வாசலில் வந்து நின்ற ஆண்டு அது.

அவரவர் பால்யத்தில் கேட்ட பாட்டே அவரவருக்கு உயர்ந்ததாகத் தோன்றும் என்பது இந்த விவாதத்தில் எப்போதும் எழுகிற ஆட்சேபணை. அது நியாயமானதே. ஆனால் 1964இல் நான் பிறக்கவில்லை. என் பால்யத்தின் பட்சபாதம் முழுவதும் 1985க்கே சேர வேண்டும். அதை மீறி வேறோர் ஆண்டுக்கு என் வாக்கைப் போடுகிறேன் என்றால், அந்தப் பாட்டுகளே என்னை அவ்விதம் செய்யவைத்தன.

அந்த ஆண்டு பொங்கலன்று 'கர்ணன்' வந்தது. அதன் இசை முழுவதிலும் வடநாட்டு ராகங்களின் சாயல் படிந்திருக்கிறது. அஸ்தினாபுரத்து அரண்மனைக்கு ஏற்ற கம்பீரமும், அந்தப்புரத்துக்கு ஏற்ற மென்மையும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருக்கின்றன. கர்ணனின் கொடையைப் புகழும் சபையில் நான்கு பாடகர்களின் குரல்கள் ஒருவர் பின் ஒருவராக எழுகின்றன. இறுதியில், அம்பு தைத்துச் சாய்ந்து கிடக்கும் கர்ணன் எதிரே கண்ணன் நிற்க, சீர்காழி கோவிந்தராஜனின் குரல் சக்கரவாகத்தில் எழும்போது, அந்த ராகத்தின் பெயர் அறியாத குடியானவனும் தன் வீட்டில் ஒரு சாவு விழுந்ததுபோல் தொண்டை அடைத்து உட்கார்ந்துவிடுகிறான். கண்ணதாசனின் சொற்கள் அந்த இடத்தில் எளிமையின் சிகரத்தைத் தொட்டிருக்கின்றன. 2012ஆம் ஆண்டில் அந்தப் படத்தைப் புதுப்பித்துத் திரையிட்டபோது, நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் கொட்டகைகள் நிரம்பின. என் மூன்றாவது கேள்விக்கு அதுவே பதில்.

'கர்ணன்' வந்த சில வாரங்களுக்கெல்லாம், பிப்ரவரியில், அதற்கு இசையமைத்த அதே விசுவநாதனும் ராமமூர்த்தியும் 'காதலிக்க நேரமில்லை'யில் முற்றிலும் வேறான ஓர் உலகத்தைப் படைத்துவிட்டார்கள். ஸ்ரீதரின் வண்ணப்படம், இளமை, கார், அணைக்கட்டு, விளையாட்டு. வேலை போன இளைஞன் முதலாளி வீட்டு வாசலில் கூடாரமடித்துக்கொண்டு பாடும் பாட்டில், கோஷமே மெட்டாகிறது, மெட்டே வேடிக்கையாகிறது. பி.பி. ஸ்ரீனிவாஸின் பட்டுக் குரலும், அப்போது தமிழுக்குப் புதிதாக வந்திருந்த யேசுதாஸின் இளங்குரலும் அதில் உண்டு. குருக்ஷேத்திரத்திலிருந்து இறங்கி வந்த கைகள்தாம் இவற்றையும் செய்தன என்பதை ஒரு கணம் சிந்திக்க வேண்டும்.

செப்டம்பரில் 'புதிய பறவை'. அதில் சுசீலா பாடும் ஒரு மெட்டு, விருந்து மண்டபத்தில் உல்லாசமாக ஒருமுறையும், பழைய நினைவின் பேயாகச் சோகத்தோடு மற்றொருமுறையும் வருகிறது. மெட்டு ஒன்றுதான், தாளத்தின் வேகமும் வாத்தியங்களின் வர்ணமும் மாறியவுடன், ஆசையாக இருந்தது அச்சமாகிவிடுகிறது. குற்றவுணர்ச்சியால் அலைக்கழிக்கப்படும் கதாநாயகனுக்காக வயலின்களும் கோரஸும் கடல்போல் பொங்க, சௌந்தரராஜன் பாடும் பாட்டை, இருட்டறையில் தனியாக ஒருமுறை கேட்டவர் மறப்பதற்கில்லை. தீபாவளிக்கு 'படகோட்டி'. காவிரிக் கரை ஸ்ரீரங்கத்துக்காரரான வாலி, கடலை நம்பி வாழும் மீனவரின் வாழ்க்கையை அந்தப் படத்தின் எல்லாப் பாடல்களிலும் எழுதினார். ஏழையின் நியாயத்தைத் தமிழகம் முழுவதும் முணுமுணுக்கும்படி செய்த பாடல்கள் அவை. இவற்றோடு 'பச்சை விளக்கு', 'ஆண்டவன் கட்டளை', 'தெய்வத்தாய்', பாரதியின் பாட்டொன்றைத் திரைக்குக் கொண்டுவந்த 'கை கொடுத்த தெய்வம்' ஆகியவையும் அதே ஆண்டுக்குரியவை.

இவற்றுள் 'கலைக்கோயி'லைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீணைக் கலைஞனின் கதை அது. சிட்டிபாபுவின் வீணையும், சுசீலாவோடு பாலமுரளிகிருஷ்ணா ஆபோகியில் பாடிய பாட்டும் அதற்கு அணிகலன்கள். படம் ஓடவில்லை. ஆனால் சங்கீதத்தின் உத்தமமான அம்சத்தைப் பெருவாரியான ஜனங்களிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்ற பிரயத்தனம், வெற்றிகள் குவிந்த அந்த ஆண்டிலேயே நடந்தது. செழிப்புள்ள காலத்தில்தான் ஒரு கலை இத்தகைய நஷ்டங்களைத் துணிந்து ஏற்கிறது.

மேற்சொன்ன 1964ஆம் ஆண்டுப் படங்கள் எல்லாவற்றுக்கும் இசையமைத்த அந்த இருவரின் திறமையை ஓர் ஆண்டின் பெருமையாகக் கொள்ளலாமா என்று ஒருவர் கேட்கலாம். அதே ஆண்டில் கே.வி. மகாதேவன் 'வேட்டைக்கார'னுக்கும், சிவாஜியின் நூறாவது படமான 'நவராத்திரி'க்கும் இசையமைத்தார். எழுதிக் கொடுத்த பாட்டுக்கு மெட்டமைப்பது அவருடைய சம்பிரதாயம். சொல்லின் நடையே அவருடைய மெட்டின் நடை. 'நவராத்திரி'யில் தெருக்கூத்தை அப்படியே திரைக்கு ஏற்றி, பட்டணத்து ரசிகரையும் கிராமத்துப் பந்தலில் உட்கார வைத்தார் அவர். ஒரு பக்கம் ஆர்மோனியத்தின் முன் விசுவநாதனும் வயலினோடு ராமமூர்த்தியும், மறுபக்கம் மகாதேவனுமாக, இரண்டு பாணிகள் ஒரே கடைத்தெருவில் எதிரெதிராகக் கடை விரித்திருந்தன. அவற்றை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்ததில் இலங்கை வானொலியின் பங்கை மறப்பது நன்றியாகாது. அதன் அறிவிப்பாளர் மயில்வாகனனாரின் குரலுக்காகப் பொழுதை ஒதுக்கி வைத்த குடும்பங்கள் தமிழகத்தில் ஆயிரமாயிரம்.

இத்தனை வளத்துக்கும் காரணம் யாது? திறமை என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. அன்று பாடகர், வயலின் வரிசை, புல்லாங்குழல், தபேலா, பாங்கோ என்று அனைவரும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் வாசித்துத்தான் பாட்டைப் பதிவு செய்தார்கள். கடைசி வரிசையில் ஒருவர் ஒரு ஸ்வரம் பிசகினாலும் எல்லாரும் ஆரம்பத்திலிருந்து வாசிக்க வேண்டும். அதனால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கவனித்துக் கேட்டாக வேண்டிய நிர்ப்பந்தம் இருந்தது. அந்தக் கவனம்தான் பாட்டில் உயிராக வந்து நிற்கிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிசம்பரில் வந்த 'சர்வர் சுந்தர'த்தில் ஒரு பாட்டுக்கு ஒலிப்பதிவுக் கூடமே காட்சிக்களமாயிற்று. விசுவநாதனே கையசைத்து வாத்தியக் கோஷ்டியை நடத்துகிறார், சௌந்தரராஜன் ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகிறார், சுற்றிலும் வாத்தியக்காரர்கள். ஆண்டு முழுவதும் நாம் குரலாக மட்டும் அறிந்திருந்தவர்கள் ஆண்டு முடியும் தறுவாயில் முகமாக வந்து நிற்கிறார்கள். வில்லை ஒன்றுபோல் இழுக்கும் அந்த வயலின்காரர்களின் பெயர்களை என் அத்தையின் பாட்டுப் புத்தகங்களில் தேடிப் பார்த்தேன், ஒன்றில்கூட இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் அந்நாளைய பாட்டுப் புத்தகமோ, இசைத்தட்டோ, வாத்தியக்காரராக இருந்த பெரியவர் ஒருவரின் நாட்குறிப்போ இருக்குமானால், பழங்காகிதக்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பார்த்து, அதிலுள்ள பெயர்களை எழுதி வையுங்கள் என்று வாசகர்களைப் பிரார்த்திக்கிறேன்.

பொங்கலுக்குக் கர்ணனின் மரணத்தோடு தொடங்கி, டிசம்பரில் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் உற்சாகத்தோடு முடிந்த ஆண்டு 1964. புராணம், இளமை, பயம், உழைப்பவனின் நியாயம், சாஸ்திர சங்கீதம், தெருக்கூத்து ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. ஆகவே அதுவே தமிழ்ப் பாட்டின் தலைசிறந்த ஆண்டு என்பது என் தீர்ப்பு. மறு ஆண்டு ஜூலையில் வந்த 'ஆயிரத்தில் ஒருவ'னோடு விசுவநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்தார்கள்; முப்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், 'எங்கிருந்தோ வந்தா'னுக்காக மீண்டும் சேர்ந்தார்கள். இருவரும் தை முதல் மார்கழி வரை சேர்ந்து உழைத்த கடைசி முழு ஆண்டு 1964.