உடம்புக்கு ஒன்றுமில்லை, பிரஷர் குளிசை எதுக்கு?



கிளினிக் நாளில் டிஸ்பென்சரி வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "தலைவலி இல்லை, கிறுகிறுப்பும் இல்லை. சும்மா எதுக்கு பிரஷர் குளிசை போடணும்?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. பதில் தெரிய வேண்டுமானால், நம் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதயம் செய்யும் வேலை

இதயம் அவரவர் மூடிய கை அளவுள்ள ஒரு தசை. உள்ளே நாலு அறைகள். உடம்பெல்லாம் சுற்றி வந்த இரத்தத்தை வலது பக்கம் வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே ஒட்சிசன் ஏறிய இரத்தத்தை இடது பக்கம் வாங்கி உடம்பு முழுவதற்கும் தள்ளுகிறது. அறைகளுக்கு இடையே கதவு மாதிரி வால்வுகள் உண்டு. டொக்டர் குழாய் வைத்துக் கேட்கிற "லப்-டப்" சத்தம், இந்தக் கதவுகள் மூடும் சத்தம்தான்.

சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 70 தடவை அளவில் துடிக்கும். ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லி லீற்றர் இரத்தம் வெளியே போகும். கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர். வளர்ந்த ஒருவரின் உடம்பில் இருக்கிற மொத்த இரத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கொழுந்துக் கூடையோடு மேட்டு மலை ஏறும்போது இந்த வேலை இரண்டு மூன்று மடங்காகக் கூடும். ஒரு நாளைக்கு சுமார் ஒரு இலட்சம் துடிப்பு. இதற்கு ஞாயிறு லீவும் கிடையாது.

மூன்று விதக் குழாய்கள்

இதயத்திலிருந்து இரத்தம் கொண்டு போவது நாடி. திருப்பிக் கொண்டு வருவது நாளம். இரண்டுக்கும் நடுவே மயிரை விட மெல்லிய மயிர்க்குழாய்கள்.

காலிலிருந்து இரத்தம் மேல்நோக்கி ஏறி வர வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை நாளங்களை அமுக்கி அதை மேலே தள்ளுகிறது. அதனால்தான் பெக்டரியில் ஒரே இடத்தில் நிற்பவர்களுக்குக் கால் வீங்குகிறது. இடைக்கிடை குதிகாலை உயர்த்தி இறக்கினால் கொஞ்சம் சுகம் கிடைக்கும்.

பிரஷர் என்றால் என்ன?

இரத்தம் நாடியின் சுவரை அழுத்தும் விசையே பிரஷர். இதயம் சுருங்கும்போது உள்ள அளவு மேல் எண், தளரும்போது உள்ளது கீழ் எண். 120க்கு 80 நல்ல அளவு. பல தடவை பார்த்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது பிரஷர் வருத்தம்.

மலை ஊற்றிலிருந்து லயத்துக்கு வரும் தண்ணிக் குழாயை நினைத்துப் பாருங்கள். அழுத்தம் கூடிப்போனால் பீலியில் நிற்பவருக்குக் குறை எதுவும் தெரியாது. தண்ணி நன்றாகத்தான் கொட்டும். ஆனால் மேலே எங்கேயோ ஒரு பொருத்து இளகிக்கொண்டிருக்கும். ஒரு நாள் வெடிக்கும்.

நாடியும் அப்படித்தான். அழுத்தம் கூடியதும் சுவர் வலிக்காது. வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். மூளையில் குழாய் வெடித்தாலோ அடைத்தாலோ பாரிசவாதம். சிறுநீரகமும் கண்ணும் பழுதாகலாம். இதயத் தசை தடித்துக் களைத்துப் போகும். ஆகவே "ஒன்றும் தெரியவில்லை" என்பது "ஒன்றும் இல்லை" என்று ஆகாது. குளிசை போடுகிறவருக்கு அளவு சரியாக இருந்தால் அது குளிசையின் வேலை. நிறுத்தினால் பெரும்பாலும் பழையபடி ஏறிவிடும்.

நெஞ்சுவலியும் அட்டைக்கடியும்

அட்டை கடித்த இடத்தில் இரத்தம் லேசில் நிற்பதில்லை, பார்த்திருப்பீர்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரு பொருள் அட்டையிடம் இருப்பதை ஜோன் ஹேக்ராஃப்ட் என்ற விஞ்ஞானி 1884ல் கண்டுபிடித்தார். மற்றக் காயங்களில் இரத்தம் கட்டிபட்டு நிற்பது நமக்கு நல்லது. ஆனால் இதயத்துக்கே இரத்தம் கொடுக்கிற நாடிக்குள் கொழுப்புப் படிந்து, அது வெடித்து, அதன் மேல் இரத்தம் கட்டிபட்டால் வழி அடைபடும். அதுதான் மாரடைப்பு. அடைபட்ட பகுதித் தசை நேரம் போகப் போகச் சாகத் தொடங்கும்.

நடு நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர் வேர்வை, மூச்சு வாங்குதல் இதன் அடையாளங்கள். பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் வலி குறைவாகவும் களைப்பும் மூச்சுத்திணறலும் கூடுதலாகவும் இருக்கலாம். "வாய்வு" என்று இஞ்சித் தண்ணி கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். நோயாளியை லயத்திலிருந்து ரோட்டுக்கு நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். 1990க்கு போன் பண்ணினால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் சில மணித்தியாலங்களில்தான் நன்றாகப் பலன் தரும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. 35 வயது தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரஷரும் சீனியும் பார்க்க வேண்டும்.
2. ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குக் குறைவு (5 கிராம்). கருவாடு, ஊறுகாய், ரொட்டி மாவில் போடும் உப்பும் இந்தக் கணக்கில்தான்.
3. வெற்றிலையோடு புகையிலை வேண்டாம். பீடி, சிகரெட், கசிப்பும் அப்படியே.
4. குளிசை முடியும் முன்பே கிளினிக்குக்குப் போங்கள். ஊருக்கு, கல்யாணத்துக்குப் போனால் கையோடு கொண்டு போங்கள்.
5. குளிசை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். வேறு மருந்து இருக்கிறது.

அடுத்த கிளினிக் நாளில் வீட்டிலுள்ள பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிரஷர் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.