யாரிடமிருந்து மறைக்கிறோம்?

பழைய இணையதளம் ஒன்றின் முகப்பில், இதுவரை எத்தனை பேர் வந்து போனார்கள் என்று காட்டும் சின்னப் பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி வேண்டாம் என்கிறார் தளத்தின் சொந்தக்காரர். அடியோடு அழிக்க மனம் வராத புரோகிராமர், அந்தப் பகுதிக்கு முன்னால் <!-- என்றும் பின்னால் --> என்றும் போட்டு 'கமெண்ட்' பண்ணிவிடுகிறார். திரையில் பெட்டி இல்லை. டேட்டாபேஸிலோ எண் ஏறிக்கொண்டே இருக்கிறது.

மைக்ரோசாப்ட் 1996இல் கொண்டுவந்த ஏஎஸ்பி பக்கங்களில் புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. ஒரே கோப்பில் ஹெச்டிஎம்எல்லும் நிரலும் கலந்து கிடக்கும். <% %> குறிகளுக்குள் இருப்பதை சர்வர் ஓட்டி முடித்து, கிடைத்ததை மட்டும் பிரவுசருக்கு அனுப்பும். <!-- என்பது பிரவுசருக்குப் புரியும் பாஷை. சர்வருக்கு அது வெறும் எழுத்து. ஆகவே உள்ளே இருக்கும் நிரல் வழக்கம்போல ஓடும். பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் அந்த எண்ணும் படும். எண் என்பதால் பிழைத்தோம், வாடிக்கையாளரின் முகவரியாக இருந்திருந்தால்?

இதில் ஒரு வேடிக்கை. அதே <!-- உடன் ஒட்டி # போட்டு, இன்னொரு கோப்பை இழுத்துவரச் சொன்னால் சர்வர் உடனே கேட்கும். அதுவும் நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே இழுத்துவந்துவிடும். நிபந்தனை போட்டெல்லாம் தடுக்க முடியாது.

சர்வரின் வாயை அடைக்க, ஏஎஸ்பியில் பெரும்பாலோர் எழுதிய விபிஸ்கிரிப்ட்டில் வரியின் தொடக்கத்தில் ஒற்றை மேற்கோள் குறி ( ' ) போட வேண்டும். 'ரெம்' என்று எழுதினாலும் சரி; அது 1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் பிறந்த பேசிக் மொழியின் சொத்து. மொத்தமாக ஒரு பத்தியை மூட வழியே இல்லை. நாற்பது வரி என்றால் நாற்பது குறி. அப்படி மூடிய வரிக்குள் தப்பித் தவறி %> இருந்துவிட்டால், நிரல் அங்கேயே முடிந்ததாக சர்வர் எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் பக்கத்தில் கொட்டும்.

சோம்பேறிகளின் குறுக்குவழி, 'இஃப் ஃபால்ஸ் தென்' என்று ஒருபோதும் நிறைவேறாத நிபந்தனைக்குள் அடைத்துவிடுவது. ஓடாதுதான், ஆனால் உள்ளே இலக்கணப் பிழை இருந்தால் பக்கமே நின்றுவிடும். பாதி எழுதிய நிரலை அதில் ஒளிக்க முடியாது.

2002இல் வந்த ஏஎஸ்பி டாட் நெட்டில் <%-- --%> கிடைத்தது. அதற்குள் இருப்பது ஓடவும் ஓடாது, பிரவுசருக்குப் போகவும் போகாது. பழைய பக்கங்களைக் கட்டி மேய்ப்பவர்களுக்கு அந்த யோகம் இல்லை. நல்ல எடிட்டர் இருந்தால் ஒரே சொடுக்கில் நாற்பது குறியும் விழும், அவ்வளவுதான்.