எடைக் குறைப்பு அறுவைக்கு முன் எடுக்கும் படங்கள்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951ஆம் ஆண்டில் தொடங்கிற்று. ஐந்தாண்டுகளுக்குப் பின் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை இராஜ்யத்தோடு இணைந்தன. ஆயினும் அப்பக்கத்து நோயாளிகள் அந்த ஆஸ்பத்திரியை நாடி வருவது நிற்கவில்லை. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கோ அது சொந்த ஊர் ஆஸ்பத்திரி.

கேரளத்தில் 1960களில் டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் முதலிய வைத்தியர்கள் ஒருவகை நீரிழிவை ஆராய்ந்தனர். வயிற்றைச் சாதாரண எக்ஸ்ரே எடுத்தால், கணையத்தில் கற்கள் படிந்திருப்பது வெண்புள்ளிகளாகத் தெரியும். அந்நோயாளிகளிற் பலர் எலும்புந் தோலுமாக மெலிந்தவர்கள். இன்று அதே மாநிலத்தில் உடற்பருமனுக்காக இரைப்பையைச் சுருக்கும் அறுவை நடைபெறுகிறது! காலம் மாறியும், கத்தி எடுக்குமுன் உள்ளே பார்க்க வேண்டிய தேவை மாறவில்லை.

இவ்வறுவையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கிக் குழாய்போல் ஆக்குவது ஒரு முறை. மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைப்பது மற்றொன்று.

முதலிற் பார்க்க வேண்டியது பித்தப்பை. உடல் வேகமாக மெலியும்போது பித்தநீரிற் கொழுப்புச் சத்து மிகுந்து கற்கள் உருவாகின்றன. 1995இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், கல் இல்லாதிருந்து இரண்டாம் வகை அறுவை செய்துகொண்டோருள், மருந்து உண்ணாதவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கு ஆறு மாதத்துக்குள் கல் தோன்றிற்று. நாள்தோறும் 600 மில்லிகிராம் உர்ஸோடியால் உண்டவர்களில் நூற்றுக்கு இருவருக்கே தோன்றிற்று. கல் முன்னரே இருக்கிறதா என்பதைக் கேளா ஒலிப் பரிசோதனை, அதாவது மக்கள் வழங்கும் ‘ஸ்கேன்’, எளிதிற் காட்டும். இருந்தாலும் தொல்லை தராத கல்லுக்காக எல்லோருக்கும் பித்தப்பையை அகற்றுவதில்லை. பின்னாளில் வலி வந்தால் காரணம் புரியும் என்பதே பெரிய பயன். இரண்டாம் வகை அறுவைக்குப் பிறகு, பித்தநாளத்தில் இறங்கிவிட்ட கல்லை வாய்வழியே குழாய் செலுத்தி எடுப்பது மிகக் கடினம் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

அடுத்தது கல்லீரல். கொழுப்பேறிய கல்லீரலின் இடப்பகுதி இரைப்பையின்மேற் கவிந்து அறுவையாளரின் பார்வையை மறைக்கும். அறுவைக்கு முன் இரண்டு வாரம் குறைந்த உணவு கொள்ளச் சொல்வது இதைச் சுருக்கவே. அதை வெறும் பட்டினி என்று அலட்சியம் செய்வோரே அதிகம்.

எல்லோருக்கும் எல்லாப் படமும் வேண்டுமா? இதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கண்டறிபவற்றிற் பெரும்பாலானவை அறுவைத் திட்டத்தை மாற்றுவதில்லை. தடித்த உடலில் ஒலி ஆழமாக ஊடுருவாததால் படமும் மங்குகிறது. ஒன்றுமில்லாத ஒரு நிழலைத் துரத்திப் பணமும் உறக்கமும் இழப்போர் உண்டு. எனினும் கதிர்வீச்சில்லாத, செலவு குறைந்த கேளா ஒலிப் பரிசோதனையைத் தவிர்க்கக் காரணம் இல்லை என்பதே என் எண்ணம். எல்லோரையும் சி.டி. கருவிக்குள் அனுப்புவது வேறு விஷயம். இரைப்பையை உள்நோக்கிக் குழாயாற் பார்ப்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: இரண்டாம் வகை அறுவைக்குப் பின், பிரித்து விடப்பட்ட இரைப்பைப் பகுதிக்கு அக்குழாய் எளிதிற் செல்லாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு முதல் வகை அறுவை அதனை மிகுவிக்கவுங் கூடும். ஆகவே இதனை வைத்தியரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பித்தப்பையைப் பார்க்குமுன் ஆறு முதல் எட்டு மணி நேரம் எதையும் உண்ணலாகாது. உண்டால் அப்பை சுருங்கிவிடும். காலைக் காப்பிக்கும் விலக்கில்லை. மலையாள வைத்தியர் ‘பித்தசஞ்சி’ என்றால் அது நம் பித்தப்பையே. ‘கரள்’ என்பது கல்லீரல். ‘ஆக்னேயகிரந்தி’ என்று கேட்டுத் திகைக்க வேண்டாம், அது கணையம். ஊரில் எடுத்த பழைய படங்களையும் அறிக்கைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முன்பு வயிற்றில் அறுவை நடந்திருந்தால், தழும்பு மறைந்துபோயிருந்தாலும் சொல்லிவிடுங்கள்.