பச்சைமலையில் ஒரு ‘டிக்’... பாய்மரப் படகில் ஒரு பாட்டு!

காலேஜ் டூர்னா மூணு ஐட்டம் கண்டிப்பா உண்டு. புளிசாதம், க்ரூப் போட்டோ, வேன்ல அலறுற பாட்டு. அந்த மூணாவது ஐட்டத்தால போன வருஷம் நாங்க ஒரு பெரிய பல்பு வாங்கினோம். அதுக்கப்புறம்தான், பாய்மரப் படகுப் பக்கமே போகாத நான், ‘பாய்மரப் படகுல ஸ்டீரியோ செட் மாட்டுறது எப்படி?’னு ராத்திரி பகலா உட்கார்ந்து படிச்சேன்.

‘பச்சைமலைக்கும் படகுக்கும் என்னடா சம்பந்தம்?’னு புருவத்தைத் தூக்காதீங்க. சம்பந்தம் இருக்கு. அதுக்குப் பேரு 12 வோல்ட்!

மலை மேல ‘டிக்’

திருச்சிக்காரங்களுக்குப் பச்சைமலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மத்தவங்களுக்கு மட்டும்: கிழக்குத் தொடர்ச்சி மலையில ஒரு துண்டு. துறையூர், உப்பிலியபுரம், சோபனபுரம்னு போய் மலைப்பாதையில வளைஞ்சு வளைஞ்சு ஏறினா டாப் செங்காட்டுப்பட்டி. மலையாளிப் பழங்குடி மக்களோட ஊர்கள், மரவள்ளிக் காடு, மழை பெய்ஞ்சா அருவி.

பதினாலு பேர், ஒரு வாடகை வேன். வேனுக்குள்ள நாலு ஸ்பீக்கர், பின்னாடி சீட்டுக்கடியில ஒரு பூதம் மாதிரி சப்-ஊஃபர், அதுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர். மேல போய் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை ஆஃப் பண்ணி, பாட்டை மட்டும் ஆன்ல விட்டோம். மூணு மணி நேரம் செம ஆட்டம்!

சாயங்காலம் அருவிப் பாறையில ஒரு நண்பன் வழுக்கி விழுந்துட்டான். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிருச்சு. தூக்கிட்டு வந்து சீட்டுல படுக்க வெச்சோம். டிரைவர் அண்ணன் சாவியைத் திருப்பினார். ‘டிக்.’ மறுபடியும் ‘டிக்.’ அவ்ளோதான். வண்டியோட மூக்கு மேட்டைப் பார்த்து நின்னதால தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் வழியில்லை. போன்ல டவரும் இல்லை.

எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்த்தாங்க. ஏன்னா, நான் படிக்கிறது ட்ரிபிள் ஈ! “கரன்ட்டுப் படிக்கிறவனே, ஏதாச்சும் பண்ணுடா!” நான் என்ன பண்றது? முழிச்சேன்.

ஊர்க்காரர் ஒருத்தர் டிராக்டரோட வந்து, அதோட பேட்டரியில இருந்து ஒயர் போட்டு உயிர் கொடுத்தார். போறப்ப ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “பாட்டு எங்கயும் ஓடிராது தம்பி. வண்டி கெளம்புமான்னு மொதல்ல பாத்துக்கங்க.”

துறையூர் போய்ச் சேர்றப்போ ஒன்றரை மணி நேரம் லேட். எக்ஸ்ரேயில ஹேர்லைன் ஃப்ராக்சர். தப்பிச்சோம். ஆனா அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல யாருக்கும் தூக்கம் வரலை. அதே இடத்துல அது பாம்புக்கடியா இருந்திருந்தா?

கேசட்டோட உலகம் சுத்தினவங்க

தப்பு எங்கேன்னு தேடினப்போதான் படகுக்காரங்க கண்ல பட்டாங்க. யோசிச்சுப் பாருங்க. பாய் விரிச்சா எஞ்சின் ஆஃப். எஞ்சின் ஆஃப்னா ஆல்டர்னேட்டரும் ஆஃப். சோலார் பேனல் மாதிரி ஏதாவது கொஞ்சம் கொஞ்சமா சார்ஜ் ஏத்தும். மத்தபடி ராத்திரி விளக்கு, ரேடியோ, ஜி.பி.எஸ்., ஆட்டோ பைலட் எல்லாமே ஒரே பேட்டரி நம்பிக்கையிலதான். பாட்டும் அதுலதான். நாங்க மூணு மணி நேரம் பண்ணினதை அவங்க மாசக்கணக்கா பண்றாங்க, மாட்டிக்காம!

நம்ம பக்கத்து ஆளே இருக்காங்க. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும், கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் கடற்படையோட ‘தாரிணி’ பாய்மரப் படகுல 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவில் கிளம்பி, உலகத்தைச் சுத்திட்டு 2025 மே 29-ம் தேதி திரும்பி வந்தாங்க. ரெண்டே பேர், கிட்டத்தட்ட எட்டு மாசம்!

இன்னொரு மேட்டர் கேளுங்க. ‘கோல்டன் குளோப்’னு தனி ஆளா உலகம் சுத்துற பாய்மரப் படகுப் போட்டி. 1968-ல் நடந்த முதல் போட்டியில இருந்த தொழில்நுட்பம்தான் இப்பவும் அனுமதி. அதனால எம்.பி.3 கிடையாது, ஐபாட் கிடையாது. பாட்டு வேணும்னா கேசட்! நம்ம நாட்டு அபிலாஷ் டோமி 2018-ல் இந்தப் போட்டியில புயல்ல சிக்கி, முதுகெலும்புல அடிபட்டு, நடுக்கடல்ல இருந்து மீட்கப்பட்டார். மறுபடி 2022-ல் கிளம்பி, 2023 ஏப்ரல் 29-ல் ரெண்டாவதா வந்து சேர்ந்தார். 236 நாள்!

ஆக, படகுல பாட்டு உண்டு. ஆனா அதுக்கு க்யூவுல கடைசி இடம்தான். ஆபத்துன்னா கூப்பிடுற ரேடியோவுக்கு முதல் இடம். இந்த ஒரு விதிப்படிதான் அவங்க செட்டை வாங்குறாங்க, மாட்டுறாங்க. எப்படின்னு பார்ப்போமா?

முதல்ல கணக்கு... அப்புறம்தான் கடை

பேட்டரி மேல ஏ.ஹெச்.னு ஒரு எண் இருக்கும். ஆம்பியர்-அவர். 100 ஏ.ஹெச்.னா, 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும்னு அர்த்தம். ஆனா சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழ இறக்கினா அதோட ஆயுசு குறையும். ஸோ, கையில இருக்கிறது 50-ன்னு வெச்சுக்கங்க.

இப்ப எங்க கதைக்கு வாங்க. ஹெட் யூனிட், ஆம்ப்ளிஃபயர், சப்-ஊஃபர் எல்லாம் சேர்ந்து சராசரி 15 ஆம்பியர் இழுத்திருந்தா, மூணு மணி நேரத்துக்கு 45 ஏ.ஹெச். வேன் பேட்டரி 80 ஏ.ஹெச்., அதுவும் பழசு. ஸ்டார்ட்டர் மோட்டார் சுத்த சில விநாடிதான் ஆகும், ஆனா அந்த சில விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேணும். எங்கிருந்து வரும்? ‘டிக்’தான் வரும்!

படகுக்காரங்க பண்ற வேலை சிம்பிள். ரெண்டு பேட்டரி. ஒண்ணு எஞ்சின் ஸ்டார்ட் பண்ண மட்டும். இன்னொண்ணு விளக்கு, பாட்டு மாதிரி வீட்டுச் செலவுக்கு. நடுவுல ஒரு ரிலே. எஞ்சின் ஓடி சார்ஜ் ஏறுறப்ப மட்டும் ரெண்டையும் சேர்க்கும், நின்னா பிரிச்சுடும். பாட்டு போட்டு ஒண்ணு காலியானாலும் இன்னொண்ணு தொடாம அப்படியே இருக்கும்.

வாட்ஸ்ல ஏமாறாதீங்க

கடையில டப்பா மேல ‘1000 வாட்ஸ்’னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான். அது பெரும்பாலும் பி.எம்.பி.ஓ. கண்ணிமைக்கிற நேரத்துக்கு வந்து போற உச்சம். நீங்க பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ்.

‘50 வாட்ஸ் இன்ட்டு நாலு’னு சொல்ற ஹெட் யூனிட்டுக்கு நாமளே கணக்குப் போடலாம். எஞ்சின் ஓடுறப்ப 14.4 வோல்ட். அதுல வர்ற சைன் வேவ், ஆர்.எம்.எஸ்.ல சுமார் 10 வோல்ட். நாலு ஓம் ஸ்பீக்கருக்கு 10 இன்ட்டு 10, வகுத்தல் 4. அதாவது 25 வாட்ஸ், அதுவும் பேப்பர்ல! நிஜத்துல இன்னும் குறையும். அதுக்கு மேல வேணும்னா வோல்ட்டேஜை ஏத்துற தனி ஆம்ப்ளிஃபயர் வேணும். அது பேட்டரியை உறிஞ்சும்.

படகுக்காரங்க இதுக்கு வேற வழி வெச்சிருக்காங்க. ஸ்பீக்கரோட சென்சிட்டிவிட்டியைப் பார்க்கிறாங்க. 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலா 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினா, அதே சத்தத்துக்குப் பாதி பவர் போதும். அந்த மூணு டெசிபல்ல பாதி பேட்டரி மிச்சம்!

தண்ணி, உப்பு, காந்தம்

பேப்பர் கோன் ஸ்பீக்கர் கடல் காத்துல நமத்த அப்பளம் ஆயிடும். அதனால பாலிப்ரொப்பிலீன் கோன், ரப்பர் விளிம்பு, வெயிலுக்கு வெளுக்காத பிளாஸ்டிக் முகப்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு. ஒயர்கூட வெறும் செம்பு இல்லை, வெள்ளீயம் பூசின செம்பு. இல்லைன்னா உள்ளுக்குள்ளேயே பச்சை பிடிச்சுடும். மலை மேல உப்பு இல்லைன்னாலும் பனியும் மழையும் உண்டே. ஜன்னலோரத்துல மாட்டுற ஸ்பீக்கருக்கு இந்த விதி நமக்கும்தான்.

அப்புறம் ஒரு சூப்பர் விஷயம். ஸ்பீக்கருக்குப் பின்னாடி பெரிய காந்தம் இருக்குல்ல? படகுல திசைகாட்டிக்குப் பக்கத்துல அதை மாட்டினா, முள் பொய் சொல்லும். பாட்டு கேட்டுக்கிட்டே தப்பான திசையில போய்ப் பாறையில மோத வேண்டியதுதான்! அதனால திருகு போடுறதுக்கு முன்னாடி ஸ்பீக்கரை அந்த இடத்துல கையில பிடிச்சுப் பார்ப்பாங்க. முள் அசைஞ்சா, இடத்தை மாத்துவாங்க. நீங்களும் ஹாஸ்டல்ல டெஸ்ட் பண்ணிப் பாருங்க. போன்ல காம்பஸைத் திறந்து ஸ்பீக்கர்கிட்ட கொண்டு போங்க. வடக்கு எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியும்!

ஒயர்லதான் விஷயமே

நல்ல செட் வாங்கிட்டு நூல் மாதிரி ஒயர் போடுறதுதான் நம்ம ஊர் வழக்கம். பேட்டரியில இருந்து ஆம்ப்ளிஃபயருக்கு 5 மீட்டர்னா, போக வர 10 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர்ல 15 ஆம்பியர் போனா 1.1 வோல்ட் வழியிலேயே காலி. 12-ல் 1.1 போனா என்ன மிஞ்சும்? அந்த இழப்பெல்லாம் ஒயரைச் சூடாக்கத்தான். 6 சதுர மில்லிமீட்டர் போட்டா இழப்பு அரை வோல்ட்டுக்குள்ள அடங்கிடும்.

ஃப்யூஸ்? அது செட்டைக் காப்பாத்த மட்டும் இல்லை, ஒயரைக் காப்பாத்த. அதனால பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள, பாஸிட்டிவ் ஒயர்ல இருக்கணும். செட்டுக்குப் பின்னாடி இருந்தா, நடுவுல எங்கயாவது ஒயர் உரசி ஷார்ட் ஆகுறப்ப அது சும்மா வேடிக்கைதான் பார்க்கும். நடுக்கடல்ல தீப்பிடிச்சா எங்கே ஓடுறது? மலைப்பாதையில மட்டும் எங்கே ஓடுறது?

வேன்ல நெகட்டிவை பாடியில ஒரு போல்ட்டுல முடிச்சுடுறோம். ஃபைபர் படகுல பாடி கரன்ட் கடத்தாது. இரும்புப் படகுல கடத்தும், ஆனா அப்படி விட்டா படகே அரிச்சுப் போகும். அதனால எப்பவும் நெகட்டிவுக்குன்னு தனி ஒயர் பேட்டரி வரைக்கும் போகும்.

கடைசியா மஞ்சள் ஒயர். ஹெட் யூனிட்ல சிவப்பு, சாவி போட்டா வர்ற கரன்ட். மஞ்சள், மெமரிக்காக எப்பவும் ஓடுற கரன்ட். செட் ஆஃப்ல இருந்தாலும் இது சொட்டுச் சொட்டா குடிக்கும். வாரக்கணக்குல நிக்கிற படகுல இதுக்கு ஒரு ஸ்விட்ச் வெச்சுடுவாங்க. லீவுக்கு ஊருக்குப் போறப்ப காரை நிறுத்திட்டுப் போறவங்க நோட் பண்ணிக்கங்க.

காது திறந்தே இருக்கட்டும்

கடல்ல வி.எச்.எஃப். ரேடியோவோட 16-வது சேனல்தான் அவசர அழைப்புக்கு. பாட்டுச் சத்தத்துல அந்த அழைப்பு அமுங்கிடக் கூடாதுன்னு வால்யூமை அளவாத்தான் வைப்பாங்க. எங்களுக்கும் அது பொருந்தும். உண்மையைச் சொல்லட்டுமா? அன்னிக்கு அருவிப் பக்கத்துல இருந்து நண்பன் கத்தினது முதல் ரெண்டு தடவை எங்க காதுல விழவே இல்லை.

அது மட்டுமில்லை. அந்த மலை நம்ம டூருக்காக இருக்கிற இடம் இல்லை. அங்கே குடும்பம் நடத்துறவங்க இருக்காங்க. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி, குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. எங்க சப்-ஊஃபர் அதையெல்லாம் எப்பவோ தாண்டியிருக்கும். அப்படியும் திட்டாம டிராக்டர் கொண்டு வந்தாரே மனுஷன்!

மறுபடியும் மலை ஏறினோம்

‘இவ்ளோ எதுக்கு? கையடக்க ப்ளூடூத் ஸ்பீக்கர் போதாதா?’னு கேட்கிறீங்களா? தாராளமா போதும். அதுக்குள்ள தனி பேட்டரி இருக்கே, அதுவும் படகு பாடம்தான்! ஆனா ட்ரிபிள் ஈ மானத்தைக் காப்பாத்த நான் ஒரு டப்பா செஞ்சேன். யு.பி.எஸ்.ல இருக்குமே, அந்த 7 ஏ.ஹெச். பேட்டரி. ஒரு சின்ன கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர், ரெண்டு நல்ல ஸ்பீக்கர், பேட்டரிக்குப் பக்கத்துலேயே ஃப்யூஸ். 12 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினா தானா கட் ஆகுற ஒரு போர்டு. 7-ல் பாதி மூன்றரை. சராசரி ஒரு ஆம்பியர்னா மூன்றரை மணி நேரம் பாட்டு. வேன் பேட்டரியைத் தொடவே இல்லை.

போன மாசம் அதே பதினாலு பேர், அதே டாப் செங்காட்டுப்பட்டி. கால் உடைஞ்சவன்தான் டப்பாவைத் தூக்கிட்டு வந்தான். கணக்குப் போட்ட மாதிரியே சாயங்காலம் பாட்டு தானா நின்னுச்சு. “என்னடா, மறுபடியும் பல்பா?”னு கலாய்ச்சாங்க. நான் டிரைவர் அண்ணனைப் பார்த்தேன். அவர் சாவியைத் திருப்பினார்.

வண்டி ஒரே கிக்குல ஸ்டார்ட் ஆச்சு!

ஸோ மக்களே, அடுத்த டூருக்கு ப்ளே லிஸ்ட் ரெடி பண்றதுக்கு முன்னாடி பேட்டரி மேல இருக்கிற அந்த ஏ.ஹெச். நம்பரைப் பாருங்க. பெருக்கல் தெரிஞ்சா போதும், ட்ரிபிள் ஈ எல்லாம் படிக்க வேண்டாம்!