அமைதியில் கேட்கும் குரல்

“பேசாமல் இரு” என்ற சொல்லை எமது சமூகத்தில் அதிகம் கேட்டு வளர்ந்தவர்கள் பெண்கள்தான். சிறுமியாக இருக்கும்போது பெரியவர்கள் கதைக்கும் இடத்தில் வாய் திறக்கக்கூடாது. திருமணமான பின்னர் புகுந்த வீட்டில் எதிர்த்துக் கதைக்கக்கூடாது. துன்பம் வந்தால் வெளியில் சொல்லக்கூடாது. இப்படிப் பழக்கப்பட்ட எங்களிடம், “மௌனமாக இருங்கள், ஆண்டவர் பேசுவார்” என்று கோயிலிலும் சொன்னால் மனதில் ஒரு தயக்கம் எழுவது இயல்பு. இதுவும் எங்களை அடக்கி வைப்பதற்கான இன்னொரு வழிதானோ என்று எங்கள் பங்கின் மாதர் கூட்டத்தில் ஒரு சகோதரி வெளிப்படையாகவே கேட்டார். அவரது கேள்வி நியாயமானது. பல வருடங்களாக அதிகாலையில் சிறிது நேரம் மௌனமாகச் செபித்து வருபவள் என்ற வகையில், அக்கேள்விக்கு நான் கண்ட பதிலை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

களைத்தவருக்கு முதலில் உணவு

மௌனத்தில் இறைகுரலைக் கேட்டவர் என்றதும் எமக்கு நினைவில் வருபவர் எலியா இறைவாக்கினர். முதலாம் அரசர் நூலின் 19ஆம் அதிகாரத்தில் இவரது கதை உள்ளது. ஓரேபு மலையில் பெருங்காற்று வீசுகிறது, நிலம் நடுங்குகிறது, தீ எழுகிறது. இவை எதிலும் ஆண்டவர் இல்லை. அதன் பின்னர் வந்த மிக மெல்லிய ஒலியைக் கேட்டே எலியா போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு குகை வாசலுக்கு வருகிறார்.

இக்கதையில் நாம் அதிகம் கவனிக்காத இரண்டு விடயங்கள் உள்ளன. ஈசபேல் அரசி தன்னைக் கொல்லப்போவதாகச் சொன்னதால் உயிர்தப்பி ஓடியவர் எலியா. இனிச் செத்தால் போதும் என்று சொல்லிவிட்டு ஒரு செடியின் கீழே படுத்துவிட்டார். அவரிடம் வந்த வானதூதர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மீண்டும் தூங்க விட்டார். மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னார். களைத்துப்போன உடம்புக்கு முதலில் தேவை உணவும் ஓய்வும் என்பது ஆண்டவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது, அந்த மெல்லிய ஒலிக்குப் பின்னர் நடந்தது. இங்கே உனக்கு என்ன வேலை என்று ஆண்டவர் கேட்கிறார். எலியா தன் மனக்குறை முழுவதையும் கொட்டுகிறார். அதைக் கேட்ட பிறகு ஆண்டவர் அவருக்குச் செய்ய வேண்டிய வேலையைக் கொடுக்கிறார். எலிசா என்ற துணையையும் காட்டுகிறார். நீ தனியாள் இல்லை, இன்னும் 7000 பேர் இருக்கிறார்கள் என்றும் உணர்த்துகிறார். அந்த மௌனம் எலியாவின் வாயை மூடவில்லை. அவரைப் பேசவைத்து, எழுந்து நடக்கவும் வைத்தது.

சத்தமில்லாமல் செபித்த அன்னா

எமக்கு இன்னும் நெருக்கமானவர் சாமுவேலின் தாயார் அன்னா. பிள்ளையில்லாத குறைக்காக வீட்டுக்குள்ளேயே குத்திப் பேசப்பட்டவர். சீலோவிலிருந்த ஆண்டவரின் இல்லத்திலே அழுது மன்றாடியபோது அவரது உதடுகள் மட்டுமே அசைந்தன, குரல் வெளிவரவில்லை. இதைப் பார்த்த குரு ஏலி, அவர் குடித்திருப்பதாக எண்ணிக் கண்டித்தார். அன்னா தலைகுனிந்து போய்விடவில்லை. தான் குடிக்கவில்லை என்பதையும், தன் துயரத்தை ஆண்டவர் முன் ஊற்றிக்கொண்டிருப்பதையும் மரியாதையாகவும் தெளிவாகவும் எடுத்துச் சொன்னார். ஏலியும் அதை ஏற்று அவரை வாழ்த்தி அனுப்பினார்.

கடவுள் முன் மௌனமாக நின்ற பெண்ணுக்கு மனிதர் முன் பேசும் துணிவு வந்தது. மாதர் கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். பயத்தினால் வாயை மூடுவது ஒன்று; கேட்பதற்காக நாமே விரும்பி அமைதியாவது வேறொன்று. முதலாவது எம்மைச் சிறுமைப்படுத்தும். இரண்டாவது எம்மை நிமிர்த்தும்.

குசினியிலும் முடியும்

பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, சமைத்து, வேலைக்கும் போகும் எங்களுக்கு இதற்கு நேரம் ஏது என்று பலர் கேட்பார்கள். யாழ்ப்பாணம் தோலகட்டியில் 1928ஆம் ஆண்டு தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தில் மௌனமும் செபமும் உழைப்பும் ஒன்றாகவே இருந்து வந்துள்ளன. வேலை செய்யும் கைகள் செபத்துக்குத் தடையில்லை.

என்னுடைய வழக்கம் மிக எளிமையானது. வீட்டார் எழும்புவதற்கு முன்னர், அடுப்பு மூட்டுவதற்கும் முன்னர், பத்து நிமிடம் ஒரே இடத்தில் அமர்வேன். கைத்தொலைபேசி அடுத்த அறையில் இருக்கும். நற்செய்தியில் ஒரு சிறு பகுதியை வாசித்துவிட்டு, மூச்சு வந்து போவதைக் கவனித்தபடி ‘யேசுவே’ என்று மட்டும் மனதில் சொல்வேன். கரண்ட் பில், பிள்ளையின் இருமல், நேற்று ஒருவர் சொன்ன சுடுசொல் எல்லாம் வரிசையாக வரும். அவற்றோடு சண்டை பிடிக்காமல், ஒவ்வொன்றையும் ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டு மீண்டும் அந்தப் பெயருக்குத் திரும்புவேன். அநேக நாட்களில் எந்தக் குரலும் கேட்பதில்லை. ஆனால் அன்று பகலில் பிள்ளையோடு கோபப்படப் போகும் வேளையில் ஒரு கணம் நிதானிக்க முடிகிறது. அதையே நான் பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

அமைதியில் அழுகை வந்தால்

எமது மண்ணில் மௌனம் எல்லோருக்கும் இனிமையானது அல்ல. எங்கள் குழுவில் தம்பியைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு அக்கா, கண்ணை மூடினால் அவனது முகம்தான் வருகிறது என்றார். தியானம் நடத்த வந்த அருட்சகோதரி, கண்ணை மூடத் தேவையில்லை, முற்றத்தில் மெதுவாக நடந்துகொண்டே செபியுங்கள், அழுகை வந்தால் அதுவும் செபம்தான் என்றார். அமைதியைப் போற்றும் 46ஆம் திருப்பாடல்கூட போரின் நடுவில் நின்றே பாடுகிறது. அதில் கடல் கொந்தளிக்கிறது, அரசுகள் ஆட்டம் காண்கின்றன. நினைவுகள் தாங்க முடியாமல் வருமானால் தனியே இருக்காமல் நம்பிக்கையான ஒருவரோடு இருப்பதும், உளவளத்துணையாளரை நாடுவதும் நல்லது. அது விசுவாசக் குறைவாகாது.

எது அவர் குரல்?

மனதில் எழும் எல்லாமே கடவுளின் குரல் அல்ல. 1521இல் பம்பலோனாப் போரில் கால் முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த லொயோலா இஞ்ஞாசியார் இதைக் கவனித்தார். வீரசாகசக் கனவுகள் அப்போதைக்கு இனித்தன, பின்னர் வெறுமையை விட்டுச் சென்றன; யேசுவையும் புனிதர்களையும் பற்றிய எண்ணங்களோ நெடுநேரம் மகிழ்ச்சியைத் தந்தன. பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பதே அவர் கற்றுக்கொண்ட அளவுகோல். 1548இல் அச்சான அவரது ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் இந்தத் தேர்ந்து தெளிதலுக்கான விதிகள் உள்ளன.

நானும் இந்த அளவுகோலையே பயன்படுத்துகிறேன். ‘நீ ஒன்றுக்கும் உதவாதவள், அடியைப் பொறுத்துக்கொள், வெளியே சொல்லாதே’ என்று உள்ளே ஒலிப்பது பயத்தின் குரல். எலியாவுக்கு அப்பம் கொடுத்தவரின் குரலாக அது இருக்க முடியாது. வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் சகோதரி, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். செபத்தில் கிடைக்கும் துணிவு அந்தப் படியேறவும் கிடைத்ததுதான்.

சகோதரிகளே, நாளைக் காலை பத்து நிமிடம் போதும். களைப்பாக இருந்தால் முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள். பிறகு அமருங்கள். யாரும் உங்களை அடக்காத அந்த அமைதியில், உங்கள் கதை முழுவதையும் கேட்க ஒருவர் காத்திருக்கிறார்.