மலை இடுக்கில் அலையின் வழி

பதுளையிலிருந்து பசறை நோக்கிச் செல்பவர் நமுனுகுலை மலையைக் காணாதிருத்தல் அரிது. இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அம்மலையின் சாரலிலே நின்று ஒருவர் உரக்கக் கூவினால், இரண்டு அல்லது மூன்று எதிரொலிகள் திரும்பி வரலாம், முந்நூறு வருவதில்லை. சிறுவரும் அறிந்த இவ்வுண்மை, கைத்தொலைபேசித் துறையின் கடினமான கணக்கொன்றை எளிதாக்கியிருக்கின்றது என்றால் வியப்பன்றோ?

பெருந்தொற்றினால் 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில், அலைத்தொடர்பைத் தேடி மலையக மாணவர் பலர் குன்றுகளில் ஏறியதை நாம் மறப்பதற்கில்லை. பள்ளத்தாக்கின் அடியிலுள்ள லயங்களுக்கு அலை சென்று சேர்வதே அரிது. சேர்ந்தாலும் சிதைந்தே சேரும். ஒரே செய்தி நேராகவும் மலைகளில் மோதியும் பல வழிகளில் வருகின்றது. முந்நூறு மீற்றர் சுற்றி வரும் அலை, ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிந்துகிறது. பிந்தியது முந்தியதோடு கலந்து செய்தியைக் குழப்பிவிடும்.

பல வழிகளில் வருதலை யாவரும் குறையென்றே கருதினர். அதனையே பயனாக மாற்றியவர் ஒரு தமிழர். பொள்ளாச்சியில் 1944இல் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றிய ஆரோக்கியசாமி பால்ராஜ் அவர்களே அவர். இரு முனைகளிலும் பல அன்டெனாக்களை வைத்தால், ஒரே அலைவரிசையில் பல செய்திகளை ஒருங்கே அனுப்பலாம் என அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து அவர் காட்டினார். தோமஸ் கைலாத்துடன் இணைந்து அவர் பெற்ற காப்புரிமை 1994ஆம் ஆண்டுக்குரியது. 2014இல் மார்க்கோனிப் பரிசு அவரைச் சேர்ந்தது.

ஆயினும், கலந்து வரும் செய்திகளைப் பிரிக்க வேண்டுமாயின், எந்த வழி எவ்வளவு பிந்தியது, எவ்வளவு மெலிந்தது என்பதை முன்னரே அறிதல் வேண்டும். அதற்காகக் கோபுரம் முதலில், இரு முனைகளுக்கும் தெரிந்த சில அடையாளக் குறிகளை அனுப்புகிறது. அனுப்பியதையும் வந்ததையும் ஒப்பிட்டு வழியை மதிப்பிடுகின்றனர். அன்டெனா இரண்டானால் இது எளிது. இன்றைய கோபுரங்களிற் பலவற்றில் 64 அன்டெனாக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குறி அனுப்பிக்கொண்டிருந்தால், பாடத்திற்குரிய நேரம் குறிகளுக்கே செலவாகிவிடும். அதற்குள் பேருந்தில் செல்பவர் வளைவொன்றைக் கடந்துவிடுவார், வழிகளும் மாறிவிடும்.

இங்கேதான் எதிரொலியின் பாடம் உதவுகின்றது. அலை செல்லக்கூடிய திசைகளை 64 கூறுகளாகப் பகுத்தாலும், உண்மையில் அலை நடமாடும் கூறுகள் மிகச் சிலவே. வழிகள் ஐதாக உள்ளன என்பது இதன் பொருள்.

தேயிலைத் தொழிற்சாலையொன்றில் ஒரே எடையுள்ள 64 பெட்டிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றில் மட்டும் கல் கலந்து எடை மிகுந்துள்ளது. ஒவ்வொன்றாக நிறுத்தால் 63 முறை வரை நிறுக்க நேரலாம். தராசின் இரு தட்டிலும் 32 வீதம் வைத்து, தாழ்ந்த பகுதியை மீண்டும் பாதியாக்கி நிறுத்துவந்தால் ஆறே முறையில் கள்ளப் பெட்டி அகப்படும். பலவற்றை ஒன்றுசேர்த்து அளந்து, சிலவற்றைக் கண்டுபிடிக்கும் இத்தகைய முறைக்கு, 2006ஆம் ஆண்டில் டேவிட் டொனோஹோ, இமானுவேல் கண்டேஸ், டெரன்ஸ் தாவோ முதலியோர் வெளியிட்ட ஆய்வுகள் உறுதியான கணித அடிப்படை அளித்தன. அலைவழி மதிப்பீட்டில் அக்கணிதம் கையாளப்படுவதனால், குறைந்த குறிகளே போதுமாகின்றன.

இதற்கும் எல்லை உண்டு. பெரும்பாலான பெட்டிகளில் கல் இருந்தால் நமது தராசு வித்தை பலிக்காது. அவ்வாறே, அலை எண்ணற்ற பொருள்களில் மோதிச் சிதறும் இடத்தில் இம்முறையும் தளரும். அன்றியும், ஒரு வழிதானும் இல்லாத பள்ளத்திற்கு எக்கணிதமும் அலையைக் கொண்டு சேர்க்காது. அங்கே வேண்டுவது கோபுரம். அதனை நிறுவும் மனம். இருக்கும் வழியைக் கண்டறிதல் அறிஞர் கடன். இல்லாத இடத்தில் வழி அமைத்தல் சமூகத்தின் கடன். இரண்டும் கூடினாலன்றி, லயத்துச் சிறுவன் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து பாடம் கேட்கும் நாள் வாராது.