கால் நகச்சொத்தை: பயிர் மருந்து வேண்டாம், பொறுமை வேண்டும்

மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் பயிற்சிக்கு வரும் மாடு வளர்ப்போரும், சோழவரம், மீஞ்சூர், பொன்னேரி பக்கத்து நெல் விவசாயிகளும் பயிரைப் பற்றிக் கேட்டு முடித்துக் கிளம்பும்போது, சிலர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பதுண்டு. செருப்பைக் கழற்றிக் கால் கட்டைவிரலைக் காட்டுவார்கள். நகம் மஞ்சளாகி, தடித்து, ஓரத்தில் மாவாக உதிரும். "சார், பயிருக்கு அடிச்ச கார்பன்டசிம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. இதுவும் பூஞ்சாணம்தானே, அதையே கரைச்சுத் தடவலாமா?" என்பார்கள்.

தடவவே கூடாது. ஏன் கூடாது, அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் பயிர் படித்தவன், மருத்துவர் அல்ல. ஆனால் இந்த நகச்சொத்தையை மூன்று வருடம் என் வலது காலிலேயே வைத்திருந்தவன். பாதியில் மாத்திரையை நிறுத்தி ஏமாந்தவனும்கூட. அந்த அனுபவத்தோடு, தோல் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இது என்ன நோய்?

நகச்சொத்தையை உண்டாக்குவது பெரும்பாலும் ட்ரைக்கோஃபைட்டான் என்ற பூஞ்சாணம். தோல், முடி, நகம் மூன்றிலும் உள்ள கெரட்டின் என்ற பொருளைத் தின்று வாழ்வது. படர்தாமரைக்கும், விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணின் ஒரு வகைக்கும் காரணம் இதே கூட்டம்தான். பலருக்கும் முதலில் விரல் இடுக்கில் தோல் வெளுத்து, உரிந்து, அரிக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் அங்கிருந்து நகத்தின் நுனிக்கு அடியில் நுழைந்து, மெல்ல மெல்ல வேர்ப்பக்கம் நகரும்.

மண்ணிலும் செடியிலும் வாழும் சில பூஞ்சாணங்களும் நகத்தைப் பிடிக்கின்றன. வாழையில் வாடல் நோயை உண்டாக்கும் பியூசேரியம் குடும்பத்தைச் சேர்ந்தவை நகத்திலும் காணப்படுகின்றன. டிராகன் பழச் செடியின் தண்டில் புண்நோயை உண்டாக்கும் நியோசைட்டலிடியம் என்ற பூஞ்சாணமும், வெப்ப நாடுகளில் வெறுங்காலோடு நடப்பவர்களின் நகத்தில் சொத்தையை உண்டாக்குகிறது. ஆகவே 'நகச்சொத்தை' என்று ஒரே பெயரில் சொன்னாலும், எல்லோருக்கும் ஒரே பூஞ்சாணம் என்று நினைக்க வேண்டாம். அதற்கேற்ப மருந்தும் மாறும்.

நம் கால்களைத் தேடி ஏன் வருகிறது?

பூஞ்சாணத்துக்கு வேண்டியது ஈரம், சூடு, காற்றோட்டமின்மை. நடவு வயலில் நாள் முழுதும் சேற்றில் நிற்கிறோம். மாட்டுத் தொழுவத்தில் விடியற்காலையிலிருந்து கோமியமும் சாணமும் கழுவிய தண்ணீரும் காலை நனைக்கின்றன. ரப்பர் கம்பூட் போட்டால் சேறு படாது. ஆனால் உள்ளே வியர்வை ஊறிக் கால் வேகும். மணலி, எண்ணூர் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்களும் எட்டு மணி நேரம் மூடிய பூட்ஸ் போடுவதால் அவர்களுக்கும் இதே தொல்லை உண்டு.

வயதும் ஒரு காரணம். வயது ஏற ஏற நகம் வளரும் வேகம் குறைகிறது. காலுக்கு இரத்த ஓட்டமும் குறைகிறது. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், அடிபட்ட நகம் ஆகியவையும் சேர்ந்தால் பூஞ்சாணத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது போல ஆகும்.

பயிர் மருந்தை ஏன் தடவக் கூடாது?

முதல் காரணம், அது நகத்துக்குள் போய் வேலை செய்யும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இலையின் மேல் தங்கி, இலைக்குள் ஊடுருவும்படி தயாரித்த மருந்து அது. கால் நகம் கெட்டியான தகடு. பூஞ்சாணம் இருப்பது அந்தத் தகட்டுக்குள்ளும் அதன் அடியிலும்.

இரண்டாவது, நகத்தைச் சுற்றியுள்ள வெடித்த தோல் வழியாக அந்த நஞ்சு உடம்புக்குள் போகும். தெளிக்கும்போதே கையுறை போடச் சொல்லும் மருந்தை, புண்ணில் தடவலாமா? மயில்துத்தம், ஃபார்மலின், மண்ணெண்ணெய், பேட்டரி ஆசிட் என்று பலவற்றையும் முயன்று, தோல் வெந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பயிர் ஆராய்ச்சிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. க்ரைசியோஃபுல்வின் என்ற மருந்து 1939-ல் ஒரு பூஞ்சாணத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. முதலில் பயிர்நோய் ஆராய்ச்சியாளர்கள்தான் அதில் அக்கறை காட்டினார்கள். பிராணிகளில் சோதித்து, 1958 வாக்கில்தான் அது படர்தாமரைக்கு மாத்திரையாக மனிதர்களுக்கு வந்தது. நடுவில் இருந்த அந்தச் சோதனைகளைக் கடந்து வந்ததால்தான் அது மருந்து. உங்கள் கொட்டகையில் இருக்கும் பாட்டில் அந்த வழியில் வந்ததல்ல.

முதலில் பரிசோதனை

மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடாதீர்கள் என்று சொல்கிறோம். நகத்துக்கும் அதுவே பொருந்தும். நிறம் மாறித் தடித்த நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சாணத்தால் வருவது. மாடு மிதித்து இரத்தம் கட்டிய நகம், இறுக்கமான பூட்ஸ் அழுத்திய நகம், சொரியாசிஸ் நோயால் கெட்ட நகம் எல்லாமே பார்வைக்கு இதுபோலவே இருக்கும். அவற்றுக்குப் பூஞ்சாண மாத்திரை தின்பது வீண் செலவு. கல்லீரலுக்கும் வீண் சுமை.

தோல் மருத்துவர் நகத்தைக் கொஞ்சம் வெட்டி, அடியில் உள்ள மாவைச் சுரண்டி எடுப்பார். அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சாண இழைகள் தெரியும். எந்த இனம் என்று அறிய வளர்ப்புச் சோதனையும் உண்டு; அதற்குச் சில வாரங்கள் ஆகும். சோதனைக்குப் போகும்முன் நகத்தில் மருதாணியோ நகப்பூச்சோ இருக்க வேண்டாம். ஏற்கெனவே ஏதாவது களிம்பு தடவி வந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வடசென்னைப் பக்கம் உள்ளவர்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போகலாம். மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது தலைமை மருத்துவமனையில் கேளுங்கள். நகத்தின் குறுக்கே அல்லாமல் நீளவாக்கில் கறுப்புக் கோடு புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போனால் தாமதிக்காமல் காட்டுங்கள். அரிதாக அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

நகம் ஆறாது, முளைக்கும்

இந்த ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி வெற்றி. தோலில் புண் ஆறுவது போல நகம் ஆறாது. கெட்டுப்போன நகம் மறுபடி நல்லதாக மாறாது. தென்னையில் நோய் கண்ட மட்டை பச்சையாகத் திரும்புகிறதா? இல்லை. குருத்திலிருந்து புது மட்டை வர வேண்டும். பழையது கழிந்து விழ வேண்டும். நகமும் அப்படித்தான். மருந்து செய்வது, வேரிலிருந்து வரும் புது நகத்தைப் பூஞ்சாணம் பிடிக்காமல் காப்பது.

கால் நகம் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கட்டைவிரல் நகம் முழுதாக மாற 12 முதல் 18 மாதங்கள் ஆகும். ஆகவே ஒரு மாதம் மருந்து சாப்பிட்ட பிறகு பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. நான் ஏமாந்தது இங்கேதான். நான்கு வாரம் மாத்திரை சாப்பிட்டேன். நகம் அப்படியே இருந்தது. "மருந்து கேட்கவில்லை" என்று நானே முடிவு செய்து நிறுத்தினேன். ஆறு மாதத்தில் பக்கத்து விரலுக்கும் பரவியது. விவசாயிகளிடம் "சிபாரிசு செய்த அளவை முழுதாகப் போடுங்கள்" என்று வருடக்கணக்கில் பேசிய நான், என் காலில் அதைக் கடைப்பிடிக்கவில்லை. இரண்டாம் முறை முழுதாக முடித்தேன். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து நல்ல நகம் நுனி வரை வந்தது.

நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி செல்போனில் அந்த நகத்தைப் படம் பிடியுங்கள். நகத்தின் வேர்ப்பக்கத்தில் தெளிவான புது நகம் எவ்வளவு வந்திருக்கிறது என்று முந்தைய படத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு மில்லிமீட்டர் நல்ல நகம் தெரிந்தாலும் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

சிகிச்சை எப்படி இருக்கும்?

ஒன்றிரண்டு நகங்களில் நுனியில் மட்டும் இருந்தால், நகத்தின் மேல் பூசும் மருந்து போதும் என்று மருத்துவர் சொல்லலாம். அமரோல்ஃபின் வாரம் ஒருமுறை அல்லது இருமுறை, சைக்ளோபிராக்ஸ் தினமும் என்று பூச வேண்டியிருக்கும். நகத்தை அரத்தால் தேய்த்து மெல்லியதாக்கிய பிறகு பூசினால்தான் மருந்து உள்ளே இறங்கும். ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை விடாமல் பூச வேண்டும்.

வேர் வரை பரவியிருந்தாலும், பல நகங்களில் இருந்தாலும் மாத்திரை தேவைப்படும். டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் தினமும் ஒன்று வீதம் கால் நகத்துக்கு 12 வாரம் தருவது வழக்கம். இட்ராகொனசோல் என்ற மாத்திரையை மாதத்தில் ஒரு வாரம் மட்டும் சாப்பிடும் முறையும் உண்டு. மாத்திரை 12 வாரத்தில் முடிந்தாலும் மருந்து நகத்தில் தங்கி மேலும் சில மாதம் வேலை செய்யும். அதன்பின் நகம் வளரும் வரை காத்திருப்பதுதான் பாக்கி.

இந்த மாத்திரைகளைக் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்கள், மது அருந்துபவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகொனசோல் ஆகாது. வேறு நோய்களுக்குச் சாப்பிடும் மாத்திரைகளோடு இவை மோதக்கூடும் என்பதால் எல்லாச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, பசியே இல்லாமல் போனாலோ உடனே மாத்திரையை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

சிகிச்சை எடுத்த எல்லோருக்கும் நகம் பழையபடி ஆகிவிடும் என்று சொல்ல முடியாது. சிலருக்குத் திரும்ப வரும். வேப்பெண்ணெய், மஞ்சள், மருதாணி ஆகியவற்றைப் பலரும் தடவுகிறார்கள். அவை நகத்தகட்டைத் தாண்டி உள்ளே போய்ச் சொத்தையைக் குணப்படுத்தும் என்று நம்பி மாதங்களை வீணாக்க வேண்டாம்.

களிம்பு விஷயத்தில் இன்னோர் எச்சரிக்கை. அரிப்புக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தடவியதும் அரிப்பு அடங்கும்; அடியில் பூஞ்சாணம் பரவும். டெர்பினாஃபினுக்கே அடங்காத படர்தாமரைப் பூஞ்சாணம் ஒன்று நம் நாட்டில் பரவி, 2020-ல் அதற்கு நம் நாட்டின் பெயரையே சேர்த்து ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அரைகுறையாகத் தெளித்தால் பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தி வருவது போன்ற கதைதான் இதுவும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தள்ளிப்போடாதீர்கள்

"வலிக்கவில்லையே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று பலர் விடுகிறார்கள். உடம்பில் வேறு குறை இல்லாதவருக்கு இது அழகுப் பிரச்சினையாகவே நின்றுவிடலாம். சர்க்கரை நோயாளிக்கு அப்படியல்ல. தடித்த நகம் பக்கத்து விரலைக் கீறும். உணர்ச்சி குறைந்த காலில் அது தெரியாது. அந்தக் கீறலில் சாணமும் சேறும் பட்டால் சீழ் பிடிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு மாடு வளர்ப்பவர் இப்படித்தான் ஒரு கால் விரலை இழந்தார். ஆரம்பம் அந்தத் தடித்த நகம்தான். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் விரல் இடுக்குப் புண் வழியாகக் கிருமி நுழைந்து, அடிக்கடி காய்ச்சலும் வீக்கமும் வரும். இந்த இரு சாராரும் நகத்தைத் தாங்களே பிளேடால் செதுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

திரும்ப வராமல் இருக்க

வயலிலிருந்தோ தொழுவத்திலிருந்தோ வந்ததும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். கழுவுவதைவிடத் துடைப்பது முக்கியம்.

கம்பூட் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். கழற்றியதைக் கவிழ்த்து வெயிலில் காய வையுங்கள். உள்ளே பருத்திக் காலுறை போட்டு, நனைந்தால் மாற்றுங்கள். காலுறையைச் சூடான தண்ணீரில் துவையுங்கள்.

நகத்தை நேராக வெட்டுங்கள்; ஓரத்தைக் குடைய வேண்டாம். சொத்தை நகத்துக்குத் தனி நகவெட்டி வையுங்கள். வீட்டில் மற்றவர்களின் செருப்பு, துண்டு, நகவெட்டியைப் பகிர வேண்டாம். வெட்டிய துண்டுகளிலும் பூஞ்சாணம் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தரையில் சிந்தாமல் குப்பையில் போடுங்கள்.

விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தால் அப்போதே சிகிச்சை எடுங்கள். வீட்டில் யாருக்காவது படர்தாமரை இருந்தால் அவருக்கும் சேர்த்து எடுக்க வேண்டும். கன்றுக்குட்டியின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் வட்டமாக முடி கொட்டிச் சாம்பல் நிறப் பொருக்கு தெரிந்தால் அதுவும் படர்தாமரைதான். அது மனிதர் தோலுக்கும் தொற்றும். கையுறை போட்டுக் கையாண்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாற்று விட்ட மறுநாளே கதிரைத் தேடுவதில்லை நாம். நகத்துக்கும் ஒரு பட்டம் உண்டு. அது ஒரு வருடப் பட்டம். இன்று மாலை கால் கழுவும்போது பத்து விரலையும் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சளோ தடிப்போ தெரிந்தால், கொட்டகைப் பக்கம் போகாமல் மருத்துவமனைப் பக்கம் போங்கள்.